சென்னை மெட்ரோவுக்கு எங்கள் ஊரும் காசு கொடுக்க வேண்டுமா?

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 10.50)

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம். டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். மெயின் ரோட்டு விலக்கிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போகவேண்டும். மகள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கடை விட எட்டரை ஆகும். முன்பு ஒன்பது மணிக்கு ஒரு டவுன் பஸ் இருந்தது. ஊருக்குள் வந்து கோயில் திடலில் இரவு நிற்கும். காலை ஐந்தரைக்கு அதுவே முதல் பஸ். பால்காரர், பூக்கட்டுகிற அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போவார்கள். அந்த நடையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கடைசி பஸ் ஏழு ஐம்பதுக்கு.

தினமும் நான் பைக்கில் போய்க் கூட்டி வருகிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயின்ட்டில் எழுதிய நேரப் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேர், பக்கத்தில் 9.00. மகளும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிற்பார்கள், அங்கேதான் டியூப்லைட் எரியும். இன்று ஒரு பிள்ளையின் அப்பா வர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அவர் வரும்வரை நாங்களும் கிளம்பவில்லை.

வீட்டுக்கு வந்து செய்தியைத் திறந்தால் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். சென்னைக்கு ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி அம்பத்தூரில்தான் இருக்கிறான். ஆனால் அந்தக் காசில் என் பங்கும் இருக்கிறதல்லவா? நான் ஏன் கொடுக்கவேண்டும், கொடுத்தால் எனக்கு என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான் (ஞாயிறு, இரவு 11.20)

அண்ணே, மகளுக்குப் பஸ் இல்லாதது பெரிய அநியாயம். அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் மெட்ரோ இல்லை.

சென்னை ரயிலில் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. சென்னையில் பிறந்த குடும்பம் இரண்டு. மீதி திருநெல்வேலி, விழுப்புரம், புதுக்கோட்டை, ஆம்பூர். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு வேலைக்கு இங்கேதான் வருகிறார்கள். இன்னொன்று, 2023 டிசம்பர் 30ஆம் தேதி சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விடியற்காலை நான்கு மணிக்குப் பையும் குழந்தையுமாக இறங்கி, மாநகரப் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டினால் முதலில் பயன் அவர்களுக்கு.

எங்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை. மேடவாக்கம் மெயின் ரோட்டைத் தோண்டிப்போட்டு எத்தனை மழைக்காலம் ஆகிவிட்டது! தடுப்புத் தகரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஸ்கூட்டரை உருட்டித்தான் பிள்ளையைப் பள்ளியில் விட்டேன்.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 7.05)

பங்கு எவ்வளவு என்று கேட்டீர்கள், அதைப் போட்டுப் பார்ப்போம்.

63,246 கோடியும் மாநிலக் கஜானாவிலிருந்து எடுத்து வைக்கிற பணம் அல்ல. பெரும்பகுதி கடன்: ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி. 2024 அக்டோபர் 3 வரை இது மாநிலத் திட்டமாகவே இருந்தது, ஏறக்குறைய 90 விழுக்காடு சுமை தமிழ்நாட்டின் தலையில். அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு 33,593 கோடி கடன் ஒன்றிய அரசின் பொறுப்புக்குப் போனது. பங்கு மூலதனமாகவும் துணைக் கடனாகவும் ஒன்றிய அரசு தருவது மேலும் 7,425 கோடி. மாநிலத்துக்கு மிஞ்சியது 35 விழுக்காடு, 22,000 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்தால் தலைக்கு 3,050 ரூபாய். ஒரு வருடத்துக்கு அல்ல, கட்டி முடிக்கும் வருடங்கள் எல்லாம் சேர்த்து.

இனி உங்கள் பைக். போக வர 28 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றால் மாதம் 26 நாளுக்குப் பதினான்கரை லிட்டர். பெட்ரோல் மீது தமிழ்நாடு போடும் வரி 13 விழுக்காடு, அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். நூறு ரூபாய்ப் பெட்ரோலில் ஏறத்தாழ 21 ரூபாய் மாநிலத்துக்குப் போகிறது. மாதம் 300 ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு 3,600 தாண்டும்.

அதாவது மெட்ரோவில் உங்கள் தலைக்கு விழும் மொத்தப் பங்கைவிட, ஒன்பது மணி பஸ் இல்லாததால் ஒரே வருடத்தில் நீங்கள் மாநிலத்துக்குக் கட்டும் பெட்ரோல் வரி அதிகம். காலையில் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன்.

வைகைக்கரை (திங்கள், காலை 7.40)

சார், இதை நான் ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. பெட்ரோல் காசு போகிறதே என்று தெரியும், அதற்குள் வரி இவ்வளவு என்று தெரியாது. என்னைப்போல் பைக்கில் போய் வருகிற பையன்களையும் சேர்த்தால் எங்கள் ஊரிலேயே நாற்பது பைக் இருக்கும்.

நொய்யல் (திங்கள், காலை 9.15)

கோயமுத்தூரில் சின்னதாக ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். எல்லாரும் வேலைக்குச் சென்னைக்குத்தான் வருகிறார்கள், அதனால் ரயிலும் அங்கே என்று மடிப்பாக்கத்து நண்பர் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே கோயமுத்தூருக்கு 39 கிலோமீட்டர், மதுரைக்கு 32 கிலோமீட்டர் என்று மெட்ரோ திட்டம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பினார்கள். 2025 நவம்பரில் திரும்பி வந்துவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி நகரத்துக்கு 20 லட்சம் மக்கள் வேண்டுமாம். எண்ணிப் பதினான்கு வருடம் ஆன 2011 கணக்கை வைத்துச் சொல்கிறார்கள். இந்த அளவுகோல்படி பெரிய ஊர்தான் மேலும் பெரிதாகும். எங்களுக்கு எப்போதும் அடுத்த முறை.

சென்னைதான் அதிக வரி கட்டுகிறது என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். தலைமை அலுவலகம் அங்கே இருப்பதால் அங்கே கட்டப்படுகிற வரி அது. சரக்கு ஓசூரிலும் திருப்பூரிலும் சிவகாசியிலும் உருவாகிறது. சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி 2004லிருந்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து போகிறது. அதைக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்கிறவன் யார் என்பது மறந்துபோகக்கூடாது.

பழைய_நடத்துநர் (திங்கள், பிற்பகல் 3.30)

நெல்லைப் பக்கம் 31 வருடம் கண்டக்டராக இருந்தேன். சேரும்போது வண்டியில் ‘கட்டபொம்மன்’ என்று எழுதியிருக்கும். 1997இல் பேர்களை எல்லாம் எடுத்தார்கள். பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எல்லாம் போய் ஒரே பேர் ஆனது. ஆனால் போக்குவரத்துக் கழகங்கள் தனித்தனிதான், கணக்கும் தனித்தனிதான். மாவட்டத்து பஸ் வசூலை எடுத்துச் சென்னை பஸ்ஸுக்குக் கொடுப்பதாக இங்கே டீக்கடையில் பேசுவார்கள். அது தப்பு. ஒரே கழகத்துக்குள் என்ன நடக்கும் என்றால், வெளியூர் ரூட் பஸ் சம்பாதிக்கும், டவுன் பஸ் அதைத் தின்னும். எந்த டிப்போவிலும் அதுதான் கதை.

தம்பி, உங்கள் ஒன்பது மணி பஸ்ஸை நாங்கள் ‘நைட் ஹால்ட்’ என்போம். அதன் கதையைக் கேளுங்கள். வண்டி ஊரில் தங்கினால் டிரைவர், கண்டக்டர் இரண்டு பேரும் அங்கே படுக்கவேண்டும். தங்கலுக்குப் பேட்டா உண்டு, பெரிய தொகை ஒன்றும் இல்லை. நான் பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் காசுப் பையைத் தலைக்கு வைத்து, காலடியில் கொசுவர்த்தி கொளுத்திப் படுத்தவன். ஒரு ஊரில் சமுதாயக்கூடத்து அறையைத் திறந்துவிடுவார்கள், ஒரு தாயார் தூக்குப்போசியில் ரசமும் சோறும் கொண்டுவந்து வைப்பார். இன்னொரு ஊரில் கக்கூஸுக்கே வழி இருக்காது. அந்த டூட்டி விழுந்தால் ஆள் லீவு போட்டுவிடுவான்.

இப்போது ஓட்டுநர், நடத்துநர் பற்றாக்குறை. காலையில் டிப்போவில் ஆள் குறைந்தால் கிளை மேலாளர் எந்த நடையைக் கட் பண்ணுவார்? வசூல் குறைந்த நடையை. வசூல் குறைந்தது எது? இரவுக் கடைசி. ஒரு மாதம் கட் ஆனால், அடுத்த அட்டவணையில் அந்த நடையே இருக்காது. உங்கள் பஸ்ஸை யாரும் சென்னைக்குக் கொண்டுபோகவில்லை. ஆள் எடுக்காமல், புது வண்டி விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவிட்டார்கள். மெட்ரோவுக்கு ஓடி ஓடிக் கடன் வாங்குகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு இங்கே இருந்திருந்தால் தேய்ந்திருக்காது. அதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன்.

இன்னொரு விஷயம் பெண்களுக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். இலவசம்தானே என்று நிறையப் பேர் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் கண்டக்டரும் விட்டுவிடுகிறான். அந்தப் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்தான் உங்கள் ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அத்தாட்சி. அரசு கழகத்துக்கு ஈடு கொடுப்பதும் இலவசப் பயணக் கணக்கை வைத்துத்தான். முப்பது பெண்கள் ஏறி ஐந்து டிக்கெட் விழுந்தால் தாளில் அந்த பஸ் காலி பஸ். கேட்டு வாங்குங்கள் அம்மா.

பெரும்பாக்கத்துக்காரி (திங்கள், மாலை 6.45)

ஐயா சொன்னதைப் படித்து எங்க அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் சென்னைதான், ஆனால் சென்னையின் ஓரம். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா இன்னும் மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை செய்கிறார். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கு முதல் வீடு. வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ் வந்தால் காசு இல்லை, வராவிட்டால் ஷேர் ஆட்டோ. மெட்ரோவில் குறைந்த கட்டணமே பத்து ரூபாய், தூரத்துக்கு ஐம்பது வரை போகும். ரயில் ஓடினாலும் தினமும் அதில் போக அம்மாவால் முடியாது.

சென்னைக்கும் மாவட்டத்துக்கும் சண்டை என்று பேசும்போது எங்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? சிவகங்கை அக்காவும் எங்க அம்மாவும் கேட்பது ஒரே பஸ்தான்.

மடிப்பாக்கத்தான் (திங்கள், இரவு 8.10)

தங்கச்சி சொன்னது நெஞ்சில் தைத்தது. நான் ரயில் என்றதும் என் வேலை, என் ஸ்டேஷன் என்றே யோசித்திருக்கிறேன்.

லாசப்பல்_வாசி (திங்கள், இரவு 11.55)

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன், இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. ரெஸ்ரோறண்ட் குசினியில கோப்பை கழுவத் தொடங்கினனான், இப்பவும் குசினிதான். வேலை முடியேக்க சாமம் பன்னிரண்டு தாண்டும். இருக்கிறது பாரிசுக்கு வெளியில, தூரம்.

உங்கட கேள்விக்கு இஞ்ச ஒரு பதில் இருக்கு. 1971இல இருந்து பாரிஸ் பகுதியில முதலாளிமார் சம்பளத் தொகையில ஒரு வீதம் போக்குவரத்துக்கெண்டு கட்ட வேணும், இப்ப அது பதினொரு பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு வச்சிருக்கிறவைக்கு. இது லாபத்தில இல்லை, சம்பளத்தில கணக்குப் பார்க்கிறது. நகரத்துக்கு நடுவில வேலைத்தலம் இருந்தால் மூண்டு வீதத்துக்குக் கொஞ்சம் மேல, வெளி வட்டத்தில இருந்தால் அதைவிடக் குறைவு. ஆக்கள் வேலைக்கு வந்து சேர்ந்தால்தானே முதலாளிக்கு வரும்படி, அதால அவர் குடுக்கிறார். எங்கட மாதப் பாசிலயும் பாதிக் காசை வேலை குடுக்கிறவர் திருப்பித் தர வேணும், சட்டம்.

முந்தி எங்களைப்போல தூர இருக்கிறவைக்குப் பாஸ் விலை கூட. வீட்டு வாடகை குடுக்க ஏலாமல்தான் தூரப் போனது, போனதுக்கும் தண்டம் மாதிரிக் கூடக் காசு. 2015 செப்டெம்பரில இருந்து முழுப் பகுதிக்கும் ஒரே விலை. சாமத்தில றெயில் நிண்ட பிறகு இரவு பஸ் இருக்கு, நான் அதிலதான் வாறனான். குறை இல்லையெண்டில்லை, வேலைநிறுத்தம், பழுது எல்லாம் இருக்கு.

வெளியில இருக்கிறவனும் குடுக்கலாம். ஆனா முதல் குடுக்க வேண்டியது அந்த றெயிலால ஆருக்கு வரும்படியோ அவர். பிறகு குடுக்கிறவனுக்கும் ஒரு வண்டி வர வேணும்.

நொய்யல் (செவ்வாய், காலை 6.30)

பாரிஸ் அண்ணா, நன்றி. என்னைப்போல எட்டுப் பேர் வைத்திருக்கும் பட்டறைக்கு அந்த வரி விழாது என்பதையும் கவனித்தேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஒரு வழித்தடம், அது பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. கம்பெனி வாசல்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் அந்த வளாகங்களிடம் ஒரு பங்கு கேட்டால் என்ன தப்பு? இன்று அவர்களே வேனும் பஸ்ஸும் வாடகைக்கு வைத்து ஆளைக் கொண்டுவருகிறார்கள். அந்தச் செலவு குறையும் அல்லவா!

கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 7.20)

கம்பெனியைவிடவும் முதலில் வருவது நிலம். ஸ்டேஷன் வருகிறது என்று வரைபடம் வெளியானதுமே சுற்றியுள்ள மனை விலை ஏறிவிடுகிறது. ஏறிய விலைக்கு அந்த நில உரிமையாளர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஏற்றிவிட்டது சிவகங்கைக்காரரின் வரியும் சேர்ந்த பொதுப்பணம்.

தமிழ்நாட்டில் வீடு, மனை விற்கும்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. அதில் 2 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை. எங்கே வாங்கினாலும் ஒரே விகிதம், மெட்ரோ வாசலிலும் அதுதான், மானாமதுரையிலும் அதுதான். ஸ்டேஷனைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் நடக்கும் கிரயத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு விழுக்காடு வைத்து, அதை ரயில் கடனுக்கென்றே தனிக் கணக்கில் போடலாம். கூடுதல் மாடி கட்ட அனுமதி கேட்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தையும் அதில் சேர்க்கலாம். முழுக் கடனும் அடையாது. ஆனால் அங்கே அடைபடும் ஒவ்வொரு நூறு கோடியும் மாவட்டத்து பஸ்ஸுக்கு மிச்சம்.

மடிப்பாக்கத்தான் (செவ்வாய், காலை 8.00)

எங்கள் தெருமுனையிலேயே ‘மெட்ரோவுக்கு நடை தூரம்’ என்று அடுக்குமாடி விளம்பரப் பலகை நிற்கிறது. 2009இல் நான் வாங்கிய மனை அது மாதிரி ஏறித்தான் நிற்கிறது, மறைக்க விரும்பவில்லை. விற்கும்போது ஒரு விழுக்காடு கூடக் கொடு என்றால் கொடுப்பேன். ஆனால் விற்காமல் குடியிருக்கிறவரிடம் வருடா வருடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பென்ஷன் தவிர வருமானம் இல்லை, மனை விலை ஏறியதால் அவர் வீட்டு உலை கொதிக்காது.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 8.05)

ஒத்துக்கொள்கிறேன். கைமாறும்போது மட்டும்.

வைகைக்கரை (செவ்வாய், இரவு 10.15)

எல்லாவற்றையும் மனைவியிடமும் மகளிடமும் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எழுதும்போது என் மனசில் இருந்தது, சென்னைக்காரன் சுகமாகப் போக நான் ஏன் கொடுக்கணும் என்பதுதான். பெரும்பாக்கத்துத் தாயார் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறதைப் படித்த பிறகு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. தலைக்கு மூவாயிரம் என்றால் என் வீட்டில் நான்கு பேருக்குப் பன்னிரண்டாயிரம். அதைக் கொடுக்கிறேன், சம்மதம்.

ஆனால் சும்மா கொடுக்கமாட்டேன். ரயிலுக்குத் திட்ட அறிக்கை போடும்போது இத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று எழுதி வைக்கிறார்கள் இல்லையா? அதேபோல் இத்தனை வீடு உள்ள கிராமத்துக்குக் காலையில் இந்த நேரத்துக்கு முதல் பஸ், இரவில் இந்த நேரத்துக்குக் கடைசி பஸ், ஆள் இல்லை என்று அதை நிறுத்தக்கூடாது என்று அரசாணையில் எழுதட்டும். வசூல் பார்த்து ஓட்டுவதில்லை ரயிலை. எங்கள் பஸ்ஸை மட்டும் ஏன் வசூல் பார்த்து நிறுத்தவேண்டும்? 1997இல் மினி பஸ் வந்தபோது ஊருக்குள் வண்டி வந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. தனியார் வண்டி, லாபம் இல்லாத தடத்தை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

நடத்துநர் ஐயா, எங்கள் ஊருக்கு அந்த நைட் ஹால்ட்டைத் திரும்ப வாங்க என்ன செய்யவேண்டும்? யாரிடம் போகவேண்டும்?

பழைய_நடத்துநர் (புதன், காலை 5.50)

தம்பி, மனுவில் பேருந்து வசதி வேண்டும் என்று மொட்டையாக எழுதாதீர்கள். அந்த மாதிரி மனு கட்டுக் கட்டாக இருக்கும். பழைய தட எண், நேரம், எந்த மாதத்திலிருந்து நின்றது என்று போடுங்கள். டவுனில் எட்டு மணிக்கு மேல் வேலை விட்டு வருகிற பெண்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர் என்று ஒரு பட்டியல். வழியில் உள்ள நான்கு ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஊருக்காக வண்டி விடமாட்டார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். ஒன்று கிளை மேலாளருக்கு, ஒன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில், ரசீது வாங்காமல் வராதீர்கள்.

முக்கியமாக, தீர்மானத்திலேயே எழுதுங்கள்: தங்குகிற இரண்டு பேருக்கு ஊராட்சி ஒரு அறை, ஃபேன், கக்கூஸ், தண்ணீர் கொடுக்கும் என்று. அதை எழுதிக் கொண்டுவந்த ஊருக்கு டூட்டி போட்டால் எங்கள் ஆட்கள் மறுத்ததில்லை.

வைகைக்கரை (புதன், காலை 6.10)

சமுதாயக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது ஐயா. மேல் ஓடு இரண்டு உடைந்திருக்கிறது. இன்று சாயங்காலம் தலைவரிடம் சாவி கேட்கிறேன்.